அரை டம்ளர் நிச்சயதார்த்தம்

"களக்."

அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டிருந்தார். மகள் தர்ஷினி வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அப்படியானால் பின்பக்கக் கக்கூஸில் தொண்டையைச் செருமுவது யார்?

"களக், களக்."

கரண்டியும் கையுமாகப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. தண்ணீர்தான் மெல்ல மேலே ஏறி வந்தது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்று என்னைப் பார்த்தது. அப்புறம் மனசே இல்லாமல் இறங்கியது.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டில்தான். நாற்பது பேர்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கத்தினேன்.

அவர் வந்தார், எட்டிப் பார்த்தார், ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பார்த்த டெக்னீஷியனின் தோரணையில் தலையாட்டினார். "சின்ன அடைப்புலா. ஒரு வாளி தண்ணிய வேகமா ஊத்து, போயிரும்."

ஊற்றினேன். போகவில்லை. வந்தது. அதற்கு மேல் விவரமாக எழுதமாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும்.

பட்டர்வொர்த் சம்பந்தம்

நிச்சயத்தை வீட்டில் வைத்தது யார் யோசனை என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். அவருடையதுதான். "மண்டபத்துல வச்சா மண்டபத்துக்குப் பேரு. நம்ம வீட்டுல வச்சா நமக்குப் பேரு" என்றார். பேர் கிடைத்தது. எந்த மாதிரிப் பேர் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாப்பிள்ளை சேயோன் தங்கமான பையன். வீடு பட்டர்வொர்த்தில். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் உத்தியோகம். வீட்டில் புத்தக அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருப்பார்கள். என் அப்பாவோ தாசேக் கெலுகோர் பக்கத்தில் ரப்பர் மரம் சீவியவர். எங்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்டது மீகோரெங் நூடுல்ஸ் சாப்பிடும் தட்டுகளை வைக்கத்தான்.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா பத்மாவதி எங்கள் கூரையைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார். சோபாவில் நான் துண்டு போட்டு மறைத்திருந்த கிழிசலைச் சரியாகப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பயந்தேன். வெளிப்படையாகவே சொல்கிறேன். 'என் மகனுக்கு இந்த வீட்டுப் பெண்தானா கிடைத்தாள்' என்று அந்த அம்மா மனசுக்குள் ஒரு தடவைகூட நினைத்துவிடக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சம்பந்தி குலசேகரம் அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன இன்ஜினியர் என்று யாராவது கேட்டால் அவர் ஆசையாக வாயைத் திறப்பார். பத்மாவதி அம்மா ஒரு பார்வை பார்ப்பார். அவர் வாயை மூடிக்கொண்டு, "அது கிடக்கட்டும்" என்பார். ரோடு, பாலம் மாதிரி ஏதோ என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

லாரி வந்தது, டேங்க் வரவில்லை

வியாழக்கிழமை கழிவு உறிஞ்சும் லாரிக்குப் போன் போட்டோம். எங்கள் வீடு சுங்கை பினாங் பக்கம், ஆற்றுக்கு ரொம்பப் பக்கத்தில். நகரத்தில் பாதிப் பேருக்கு ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய் போகிறது. எங்கள் சந்துக்கு அந்தக் குழாய் இன்னும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு பழைய வீடுகள், ஆளுக்கொரு செப்டிக் டேங்க்.

லாரிக்கார அண்ணன் மலாய்க்காரர், நல்ல மனுஷர். தடிமனான ரப்பர் ஹோஸை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாங்கி எங்கே?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் லாரிக்காரரைப் பார்த்தோம்.

"கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்றார் அவர். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டுமாம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எடுத்ததாக நினைவில்லை. வீட்டுக்காரர், "அப்பா இருந்தப்ப எடுத்திருப்பாங்க" என்றார். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவரை எழுப்பிக் கேட்க முடியாது.

லாரிக்காரர் பின்முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். நடுவில் இருந்த எங்கள் பொங்கல் மேடையைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"தெம்பாட் செம்பாயாங்" என்றார் வீட்டுக்காரர் பக்தியாக. கும்பிடுகிற இடம் என்று மலாயில் சொன்னதும் அந்த நல்ல மனுஷர் மரியாதையாக ரெண்டு அடி பின்வாங்கினார். "மூடியைக் கண்டுபிடிச்சு வையுங்க. போன் பண்ணுங்க, ஓடி வர்றேன்" என்று ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அந்த மேடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமனார் இந்த வீட்டை ஒரு ஹொக்கியன் சீனரிடமிருந்து வாங்கினார். பின்முற்றத்தில் சதுரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு சிமெண்டுப் பலகை இருந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும். ரெண்டு ஓரத்தில் ரெண்டு இரும்பு வளையம். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் வீடுகளில் முழுக் கரும்பாகக் கட்டிவைத்துக் கும்பிடுவதைப் பினாங்கில் பார்க்காதவர் உண்டா? 'ஆகா, இது அவர்கள் கரும்பு கட்டிக் கும்பிட்ட இடம், நமக்கும் பொருத்தம்' என்று மாமனார் முடிவு செய்துவிட்டார்.

சுற்றிலும் சிமெண்டு பூசி, சிவப்புச் சாயம் அடித்து, ஓரத்தில் நிரந்தரமாகக் கோலமும் வரைந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் பொங்கலும் அதன் மேல்தான். கரும்பு ரெண்டும் அந்த வளையங்களில்தான். சந்திலேயே எங்கள் பானைதான் முதலில் பொங்கும். அக்கம்பக்கத்தில் பானை முணுமுணுக்கத் தொடங்குவதற்குள் நாங்கள் பொங்கலோ பொங்கல் கத்தி முடித்திருப்போம். "ராசியான மேடை" என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் சந்து முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவர் கடப்பாரையோடு இறங்கினார். டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனார். பப்பாளி மரத்தடியில் சத்தம் வித்தியாசமாக இருக்கிறது என்று தோண்டினார். அங்கே இருந்தது தண்ணீர்க் குழாய். உடைத்துவிட்டார். அன்று மத்தியானம் வரைக்கும் வீட்டில் தண்ணீர் போகவும் இல்லை, வரவும் இல்லை.

குட் மார்னிங்

எனக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் தனியாகப் பின்னால் இருந்தது. குழிக்கு மேல் ஒரு பீங்கான், பக்கத்தில் ஒரு வாளி. ஊற்றினால் போய்விடும். என் அக்கா அதில் வலதுகால் சிலிப்பரைத் தவறவிட்டாள். ஒற்றைச் சிலிப்பரை வைத்து என்ன செய்வது என்று இடதுகால் சிலிப்பரையும் அவளே உள்ளே போட்டாள். அப்பா அடிக்க வந்தபோது, "சோடியா இருக்கட்டும்னு போட்டேன்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். அடி மிச்சம்.

ஜார்ஜ் டவுனில் மாமனார் பையனாக இருந்த காலத்தில் வாளிக் கக்கூஸ். பின்சந்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். விடியற்காலையில் ஆள் வந்து அதன் வழியாக வாளியை இழுத்துக்கொண்டு போவார். மாமனார் ஒருநாள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே கதவு திறந்து கை நீண்டிருக்கிறது. மரியாதை தெரிந்த பையன் அல்லவா, "குட் மார்னிங்" என்றாராம். வெளியிலிருந்து, "மார்னிங், தம்பி. சீக்கிரம்" என்று பதில் வந்ததாம்.

அந்த வாளிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்களை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அதனால் கதையை இங்கே நிறுத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அரை டம்ளர் திட்டம்

சனிக்கிழமையும் டேங்க் கிடைக்கவில்லை. கக்கூஸ் இப்போது ஒரு நாளைக்கு ரெண்டே தடவைதான் தாங்கும் நிலைமை. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். அங்கே கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே சாவியை நீட்டினாள்.

"ஹாலுக்கு மாத்திடலாம்மா" என்றாள் தர்ஷினி.

"கடைசி நேரத்துல எந்த ஹால் கிடைக்கும்? அவங்ககிட்ட என்ன காரணம் சொல்றது? எங்க வீட்டுக் கக்கூஸ் ரொம்பிடுச்சுன்னா? என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். நீயும் வாயத் திறக்காத" என்றேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். நாற்பது பேர் கக்கூஸ் போகாமல் இருக்க என்ன வழி? தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் வழி.

சிராப் என்கிற ரோஜா சர்பத் அரை டம்ளர். தே, அதாவது டீ, அரை டம்ளர். தண்ணீர் கேட்டால் மட்டும், அதுவும் அரை டம்ளர். தாகம் எடுக்கும் என்று அப்பளத்தையும் ஊறுகாயையும் நிறுத்தினேன். வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தூக்கினேன். வீட்டுக்காரர் என் சாமர்த்தியத்தைக் கேட்டு என்னைக் கண் அகலப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை வெயில் கொளுத்தியது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து இறங்கினார்கள் பாவம், பட்டுப் புடவையும் ஜிப்பாவுமாக, வேர்த்து விறுவிறுத்து. நான் சிரித்த முகத்தோடு அரை டம்ளர் சிராப்பை நீட்டினேன்.

பத்மாவதி அம்மா ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ?"

"தண்ணி..." என்று இழுத்தேன். "தண்ணி அதிகம் குடிச்சா உடம்புக்கு நல்லதில்லன்னு இப்ப சொல்றாங்க."

"யார் சொல்லினம்?"

"டாக்டருங்க."

எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம் ஒவ்வொரு முகமாகத் தாவி மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுக்கப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், "ஒரு சொட்டுத் தண்ணிக்குக்கூடக் கை வரேல்லை" என்று யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

எந்த அம்மா எங்களைத் தாழ்வாக நினைத்துவிடக்கூடாது என்று நாலு நாளாகச் செத்துப் பிழைத்தேனோ, அவருக்கு நானே என் கையாலேயே காரணத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். கஞ்சப் பிசினாறிகள் வீடு! தர்ஷினியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. சேயோன் அவளைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான், கடைசியில் காற்றாடியைப் பார்த்தான்.

பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். பத்மாவதி அம்மா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி எழுந்தார். "டாய்லெட் எந்தப் பக்கம்?"

டேங்கோ?

வீட்டுக்காரர் பாய்ந்து போய் நடைக்குக் குறுக்கே நின்றார். ரெண்டு கையையும் சுவருக்குச் சுவர் விரித்துக்கொண்டார்.

"இப்ப போக முடியாதுங்க."

"ஏன்?"

"உள்ள... உள்ள பெயிண்ட் காயல."

"நான் ஒண்டையும் தொடமாட்டன்."

"கீழயும் பெயிண்ட் அடிச்சிருக்கு."

எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அப்போது தர்ஷினி எழுந்தாள். பட்டுப் புடவை, நெற்றிச் சுட்டி, தலை நிறையப் பூ.

"அங்கிள், பெயிண்டெல்லாம் இல்ல. செப்டிக் டேங்க் ரொம்பிடுச்சு. மூடி எங்க இருக்குன்னு நாலு நாளா தேடுறோம், கிடைக்கல. யாரும் டாய்லெட் போகக்கூடாதுன்னுதான் அம்மா அரை டம்ளர் குடுத்தாங்க. அவ்வளவுதான்லா!" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நான் தரையைப் பார்த்தேன். நாலு நாளாகத் தேடியும் கிடைக்காத ஓட்டை அப்போது மட்டும் எப்படிக் கிடைக்கும்?

சம்பந்தி குலசேகரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொங்கல் அன்று சின்னப் பிள்ளை முகம் மலருமே, அப்படி மலர்ந்தது.

"டேங்கோ?" என்றார். "செப்டிக் டேங்கோ?"

"இஞ்சாருங்கோ, வேண்டாம்" என்றார் பத்மாவதி அம்மா.

"பத்மா, அவையள் நாலு நாளாத் தேடினமாம்!"

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில அந்தக் கதை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மனுஷர் வேலை பார்த்ததெல்லாம் ரோடும் இல்லை, பாலமும் இல்லை. சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நாட்டின் வட மாநிலங்களில் எத்தனை டேங்க் உண்டோ அத்தனைக்குள்ளும் எட்டிப் பார்த்தவர். கல்யாணமான புதிதில் தன் மாமனார் வீட்டு விருந்தில் அதைப் பற்றி விளக்கப் போய், அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சுக்கே தடை. இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருக்கிறார்.

"நல்ல நேரம் எத்தனை மணி மட்டும்?" என்று கேட்டார்.

"பன்னண்டு வரைக்கும்."

"அவ்வளவு நேரம் காணும்." வேட்டியை மடித்துக் கட்டினார்.

மேடையின் கதை முடிந்தது

அவர் முதலில் கக்கூஸுக்குள் போய்ச் சுவரைப் பார்த்தார். குழாய் எந்தப் பக்கம் வெளியே போகிறது, எவ்வளவு சரிவு என்று கையால் அளந்தார். பின்முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். கூடவே நாற்பது பேரும் வந்து நின்றார்கள்.

"இந்தக் கம்பம் என்ன?"

"டிவி ஆன்டெனா கம்பங்க. இப்ப துணிக்கொடி கட்டியிருக்கோம்" என்றார் வீட்டுக்காரர்.

"ஆன்டெனாக் கம்பத்துக்கு ஆராவது உள்ளுக்கு ஓட்டை விடுவினமோ? இது காற்றுக் குழாய். டேங்குக்குள்ள இருக்கிற வாயு வெளியேறுறதுக்கு. அப்ப டேங்க் இதுக்குப் பக்கத்தில..." என்று அவர் கண் மெல்லக் கீழே இறங்கியது. சிவப்புச் சாயத்தைப் பார்த்தது, கோலத்தைப் பார்த்தது, ரெண்டு இரும்பு வளையத்தில் வந்து நின்றது.

"இது என்ன?"

வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். இதற்கு மட்டும் அவரிடம் பதில் உண்டு. "எங்க பொங்கல் மேடைங்க. அப்பா கட்டுனது. ராசியான இடம். சந்துலயே எங்க பானைதான் முதல்ல பொங்கும்!"

சம்பந்தி மேடையைக் கையால் காட்டினார்.

"இதுக்கு மேலயோ நெருப்பு மூட்டினியள்?"

"வருஷா வருஷம்ங்க."

"பொங்காமல் என்ன செய்யும்?" என்றார் அவர். "அடியில வாயு, மேல அடுப்பு! உங்களை அந்தச் சூரிய பகவான்தான் காப்பாத்தியிருக்கிறார்." சிரிக்கத் தொடங்கியவருக்கு நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த மேடையிலேயே உட்கார்ந்தார். எதன்மேல் உட்கார்ந்தோம் என்று நினைவு வந்ததும் துள்ளி எழுந்தார்.

பத்மாவதி அம்மாவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

லாரிக்கார அண்ணனுக்குப் போன் போட்டோம். அரை மணியில் வருகிறேன் என்றார். வீட்டுக்காரர் முதலில் மேடையைக் கும்பிட்டார், அப்புறம் கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. சம்பந்திக்கோ அரை மணி நேரமும், நாற்பது பேரும், தடை போட முடியாத மனைவியும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. விடுவாரா?

பாயசப் பாடம்

"எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி டேங்க் சரிவராது" என்று ஆரம்பித்தார். "முதலில மண்ணைப் பார்க்க வேணும். தோட்டப்புறத்தில, ஆக்கள் குறைவு, மண் தண்ணியைக் குடிக்கும். அங்க குழியும் ஒரு வாளித் தண்ணியும் காணும்."

எங்கள் அக்காவின் சிலிப்பர் கதையைச் சொன்னேன். "அது இன்னும் அங்கதான் இருக்கும்" என்றார் உறுதியாக.

"தனி வீடு, பின்னால நிலம் இருக்குது, மண்ணும் உறிஞ்சும் எண்டால் ரெண்டு அறை வைச்ச டேங்க். தெளிஞ்ச தண்ணி நிலத்துக்குள்ள போயிடும். ரெண்டு அறை எதுக்கு? ஆரிட்டயாவது பாயசம் இருக்குதோ?"

யாரோ ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அப்புறம் வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டிருப்பார்.

"இஞ்ச பாருங்கோ. ஜவ்வரிசி எல்லாம் அடியில போய்ப் படிஞ்சிட்டுது. நெய் மேல மிதக்குது. நடுவில தெளிவா இருக்குது. அந்த நடுத் தெளிவு மட்டும்தான் ரெண்டாவது அறைக்குப் போகவேணும். அடியில இருக்கிறதை அள்ளாமல் விட்டால் அது ஏறி ஏறி..."

"இஞ்சாருங்கோ!" என்றார் பத்மாவதி அம்மா.

"ஏறி, பிறகு களக் எண்டு சொல்லும்" என்று முடித்தார்.

அன்று மத்தியானம் பாயசம் அப்படியே மிஞ்சியது. ஒரு அண்டா.

"ஆத்துக்குப் பக்கத்தில, இந்த இடம் மாதிரி, ஒரு முழம் தோண்டினாலே தண்ணி. ஏற்கெனவே நனைஞ்ச மண் என்னத்தை உறிஞ்சும்? அதுதான் இஞ்ச டேங்கை உயர்த்திக் கட்டியிருக்கினம். பக்கத்தில கருங்கல் நிரப்பின இன்னொரு தொட்டி இருக்கும், அது வடிகட்டித்தான் வெளியே விடும். மூடி ஒரு சாண் மேல இருக்கிறதைக் கண்டுதானே உங்கட அப்பா ஏமாந்தவர்!"

"அந்தப் பிளாஸ்டிக் உருண்டை டேங்க் நல்லதாங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர். மேடை போனாலும் டெக்னீஷியன் டெக்னீஷியன்தான்.

"ஃபைபரோ? இடம் குறைவு, கெதியா வேலை முடிய வேணும் எண்டால் நல்லது. ஆனா அடியில நல்லாக் கட்டிவைக்க வேணும். ஒருத்தர் கட்டாமல் புதைச்சவர். மழைக்காலத்தில முழுசா உறிஞ்சி வெறுமையா வைச்சார். நிலத்தடித் தண்ணி தள்ளி, காலையில பார்த்தால் டேங்க் தோட்டத்துக்கு நடுவில எழும்பி நிக்குது. அந்த வீட்டம்மா கதவைத் திறந்துபோட்டு எனக்குப் போன் எடுத்தவ. 'ஐயா, அது வெளியில வந்து நிக்குது' எண்டா. வேற ஒண்டும் சொல்லத் தெரியேல்லை அவவுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். புருவத்தைத் தூக்கிய தங்கைதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்.

"தாமான் எண்டு வரிசையாக் கட்டின குடியிருப்பு வீடுகளுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய நிலையம் கட்டுவினம். ரோட்டில பெரிய குழாய் வந்திட்டால் அதில சேர்த்துப்போட்டு டேங்கை மூடிவிடவேணும். அது வரைக்கும்..." என்றவர் வீட்டுக்காரர் தோளில் கை போட்டார். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கால் அள்ளுங்கோ, மணியம். பொங்கலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

ஹோஸுக்கு மேலே

லாரி வந்தபோது மணி பதினொன்றே முக்கால். பின்சந்து குறுகல், லாரி நுழையாது. வாசலில் நிறுத்தினால் ஹோஸ் கூடத்துக்குள் புகுந்து, நடையைத் தாண்டி, பின்முற்றத்துக்குப் போக வேண்டும். வேறு வழியே இல்லை.

"நல்ல நேரம் போயிடும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தட்டு மாத்தணும், உள்ள ஹோஸ் ஓடுது, நான் என்ன செய்வேன்?"

பத்மாவதி அம்மா என் கையைப் பிடித்தார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அது தன்ர வேலையைப் பார்க்கட்டும். நாங்கள் எங்கட வேலையைப் பார்ப்பம். வாங்கோ."

கூடத்தின் நடுவில் ஆள் தொடைப் பருமனில் ஹோஸ் கிடந்தது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். வாசலில் லாரி தடதடவென்று உறுமியது. ஹோஸ் அவ்வப்போது ஒரு துள்ளு துள்ளும். அது துள்ளும்போதெல்லாம் நாற்பது பேரும் காலைத் தூக்குவார்கள். செல்போனில் போட்டுவிட்ட நாதஸ்வரம் என்ன வாசித்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஹோஸுக்கு மேலேதான் வெற்றிலை பாக்கு, பழம், பூ, புடவை எல்லாம் இருந்த தட்டுகள் கை மாறின. லாரிக்கார அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக வாசலில் நின்றார். போட்டோ இருக்கிறது. கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும், "அது என்ன கீழே, மலைப்பாம்பா?" என்று கேட்கிறார்கள்.

லாரி கிளம்பியதும் நான் அடுப்படிக்கு ஓடி மூன்று ஜாடி சிராப் கலக்கினேன். அன்று எங்கள் கக்கூஸ் வாசலில் நின்ற வரிசையை இன்றைக்கு நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

இருபத்தோராவது தட்டு

கல்யாணத்துக்குள் வீட்டுக்காரர் மேடையைத் துப்புரவாக எடுத்துவிட்டார். பொங்கலுக்கு முன்வாசலில் செங்கல் அடுக்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு அவரே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார். பின்முற்றத்தில் பழைய மூடி உடைந்து போயிருந்ததால் மேலே ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டுகள் கோயில் மண்டபத்துக்குள் வரிசையாக வந்தன. கூறைப்புடவை, பழம், இனிப்பு, பூ, கண்ணாடி, வளையல். எங்கள் வழக்கம்போல ஒற்றைப்படையில்தான் கொண்டுவருவார்கள் என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தொன்பது, இருபது.

இருபத்தொன்றாவதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். பளபளவென்று கண்ணாடித் தாள் சுற்றி, மஞ்சள் ரிப்பன் கட்டி, மூச்சிரைக்க என் காலடியில் இறக்கினார்கள். பார்த்தேன்.

செப்டிக் டேங்க் மூடி. புத்தம் புது வார்ப்பிரும்பு. நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம். நடுவில் பெரிய எழுத்தில், 'பொங்கல் வைக்கக்கூடாது' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. கையெழுத்து சம்பந்தியுடையது.

அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது. சாதாரண டம்ளர் இல்லை, ஒரு ஆள் குடிக்கிற அளவைப்போல மூன்று மடங்கு.

"அந்த மூடி அவரின்ர வேலை" என்றார் பத்மாவதி அம்மா. "டம்ளர் நான் வாங்கினது. நான் உங்கட வீட்டுக்கு வரேக்க இதில விளிம்பு முட்ட ஊத்தித் தாங்கோ."

மண்டபம் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.